ஓனர் என்னும் உத்தியோகம்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஜாதகப் பரிவர்த்தனை செய்துகொள்ளும் குடும்பங்களில் சில வருஷங்களாக ஒரு புதிய உத்தியோகத்தின் பெயர் அடிபட்டு வருகிறது. வாத்தியார், வக்கீல், வைத்தியர், பாங்கி குமாஸ்தா, என்ஜினீயர் என்றால் நமக்கெல்லாம் விளங்கும். 'ஸாப்ட்வேர் என்ஜினீயர்' என்பதுகூட இப்போது பாட்டிமார்களுக்குப் பழகிப்போன சொல்தான். ஆனால், "பையன் பெங்களூரில் பிராடக்ட் ஓனராக இருக்கிறான்" என்று தரகர் சொல்லும்போது பெண் வீட்டார் நிமிர்ந்து உட்காருகிறார்கள். விருதுநகர் ஜில்லாவில் 'ஓனர்' என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. நூல் மில் ஓனர், லாரி ஓனர், தீப்பெட்டி ஆபீஸ் ஓனர், அச்சாபீஸ் ஓனர் என்று சொத்தும் செல்வாக்கும் கலந்து மணக்கும் சொல் அது. ஆகவே, "சொந்தமாக என்ன வைத்திருக்கிறார்?" என்ற கேள்வி உடனே புறப்படுகிறது. "சொந்தமாக ஒன்றுமில்லை, மாதச் சம்பளம்தான்" என்ற பதில் வந்ததும், நிமிர்ந்தவர்கள் மறுபடியும் தூணில் சாய்ந்துவிடுகிறார்கள்.

சொந்தமாக ஒன்றும் இல்லாதவரை ஓனர் என்று அழைப்பானேன்? அவர் காலையிலிருந்து மாலை வரையில், சில வீடுகளில் மாலையிலிருந்து நள்ளிரவு வரையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாருடன் என்ன பேசுகிறார்? பிள்ளையையோ பெண்ணையோ இந்த உத்தியோகத்துக்கு அனுப்பிவிட்டு, அது இன்னதென்று தெரியாமல் இருக்கும் பெற்றோர்கள் இரண்டு ஊர்களிலும் அநேகம். அவர்களுக்காகவே இந்த வாரம் இவ்விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கொஞ்சம் பூர்வோத்தரம். கணினிக்கு நிரல் எழுதும் தொழில் ஆரம்பித்த காலத்தில், அதையும் பாலம் கட்டுவதுபோலவே செய்து பார்த்தார்கள். வேண்டியதையெல்லாம் முதலிலேயே எழுதி, தடித்த புஸ்தகமாகத் தைத்து, கையெழுத்துப் போட்டு, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துப் பொருளைக் கொடுத்தார்கள். பாலத்துக்கு இந்த முறை சரியே. ஆறு தன் போக்கை நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளுவதில்லை. வியாபாரமோ மாற்றிக்கொள்ளுகிறது. பொருள் கைக்கு வருவதற்குள் அதைக் கேட்டவர்களின் தேவையே மாறியிருக்கும். கேட்டது கிடைத்தது, வேண்டியது கிடைக்கவில்லை என்ற வருத்தம் எங்கும் எழுந்தது.

1986-ஆம் ஆண்டில் ஹிரோடகா டாகேயுச்சி, இகுஜிரோ நொனாகா என்னும் இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள், ஹோண்டா, கானன் போன்ற கம்பெனிகளில் புதிய பொருள்கள் எவ்வாறு உருவாகின்றன என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓட்டக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கோலை வாங்கிக்கொண்டு ஓடுவதைப் போலன்றி, ரக்பி பந்தாட்டக்காரர்கள் ஒரே கூட்டமாக முன்னேறுவதைப்போல அங்கே வேலை நடக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்த ஆட்டத்தின் சொல்லாகிய 'ஸ்க்ரம்' என்பதையே எடுத்துக்கொண்டு, ஜெப் சதர்லண்ட், கென் ஷ்வேபர் என்னும் அமெரிக்கர் இருவர் 1995-இல் நிரல் எழுதும் தொழிலுக்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் யூட்டா மாகாணத்துப் பனிமலை விடுதி ஒன்றில் 17 பேர் கூடி, இத்தகைய முறைகளுக்கெல்லாம் பொதுவாக 'அஜைல்' என்று பெயர் வைத்தார்கள். இன்று பெங்களூரிலும் சென்னையிலும் நம் பிள்ளைகள் காலையில் எழுந்ததும் உச்சரிக்கும் மந்திரம் இதுதான்.

இம்முறையின் சாரம் மிகவும் எளிது. பெரிய காரியத்தைச் சிறிய தவணைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு தவணை ஒரு மாதத்துக்கு மேற்படக் கூடாது. வழக்கத்தில் பெரும்பாலும் இரண்டு வாரம். இதற்கு 'ஸ்பிரிண்ட்' என்று பெயர். ஒவ்வொரு தவணையின் முடிவிலும், உபயோகிக்கக்கூடிய ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். அதை உபயோகிப்பவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு, அடுத்த தவணையைத் திட்டமிட வேண்டும். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலுக்கு 'பேக்லாக்' என்று பெயர். அந்தப் பட்டியலில் எது முதலில், எது அடுத்தது, எது இப்போதைக்கு வேண்டாம் என்று வரிசைப்படுத்துபவரே பிராடக்ட் ஓனர். அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும், கமிட்டியாக இருக்கக் கூடாது என்பது அம்முறையின் கண்டிப்பான விதி.

நம் பாஷையில் 'ஓனர்' என்பதற்கு நேரான சொல் 'உடையவர்'. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்நிதித் தெருவில் நின்று இந்தச் சொல்லைச் சொன்னால் யாரும் மில் முதலாளியை நினைக்க மாட்டார்கள். ஸ்ரீ ராமாநுஜரையே நினைப்பார்கள். துறவியாகிய அவருக்குச் சொந்தமென்று வீடுமில்லை, நிலமுமில்லை. ஆயினும் ஸ்ரீரங்கத்துக் கோயில் நிர்வாகத்தில், இன்ன கைங்கரியத்தை இன்னார் இன்ன வேளையில் செய்ய வேண்டும் என்று ஒழுங்கு வகுத்தவர் அவரே என்று கோயில் வரலாறு கூறுகிறது. ராஜபாளையத்திலும் இதற்குப் பொருத்தமான ஒரு பெயர் உண்டு. 1949 முதல் 1952 வரையில் சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா, தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர். பொருளின்மீது உரிமை வேறு, காரியத்தின்மீது பொறுப்பு வேறு என்பதை இவ்விரண்டு ஊர்களுக்கும் வெளியூரார் வந்து சொல்ல வேண்டியதில்லை. பிராடக்ட் ஓனருக்கு இருப்பது இரண்டாவது வகை உடைமை.

பட்டியல் போடுவது ஒரு பெரிய காரியமா என்று சிலர் கேட்கலாம். பட்டியல் போடுவது பெரிய காரியமே அல்ல. அதை வரிசைப்படுத்துவதுதான் பெரிய காரியம். ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டும் பாண்டேஜ் துணிக்குப் பெயர்போன ஊர். அங்கே ஒரு துணி வியாபாரி தம்முடைய கணக்கு வழக்குகளைக் கணினியில் ஏற்ற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்குத் தினமும் சாயங்காலம் லாப நஷ்டம் கைப்பேசியில் தெரிய வேண்டும். அதுவும் வர்ணப் படமாகத் தெரிய வேண்டும். கணக்கப்பிள்ளைக்கு ஜி.எஸ்.டி. கணக்குச் சுலபமாக வேண்டும். கிடங்குக்காரருக்குச் சரக்கு இருப்புத் தெரிய வேண்டும். வெளிநாட்டுக் கொள்முதல்காரருக்குப் பெட்டிக்குப் பெட்டி நம்பர் வேண்டும். துணியை வெட்டிச் சுருட்டிப் பெட்டியில் அடுக்கும் பெண்களுக்கு அவரவர் செய்த வேலையின் எண்ணிக்கை சரியாகப் பதிவாக வேண்டும். இப்படி நாற்பது வேண்டுகோள்கள் சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொருவரும் தம்முடையதே முதலில் என்கிறார். எல்லாரிடமும் நியாயம் இருக்கிறது.

திறமையில்லாத பிராடக்ட் ஓனர் இந்த நாற்பதையும் அப்படியே எழுதிக்கொண்டு போய் என்ஜினீயர்களிடம் கொட்டுவார். அவர் தபால்காரர் வேலையைத்தான் செய்கிறார். திறமையுள்ளவர் என்ன செய்வார்? கணக்கெழுதும் குமாஸ்தாவின் பக்கத்தில் இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பாவு நூலை எடுத்துக்கொண்டு போய்த் துணியாகத் திருப்பிக் கொண்டுவரும் தறிக்காரர் ஒருவர் வருகிறார். "நான் எடுத்தது இத்தனை கிலோ" என்கிறார் அவர். "நோட்டில் வேறு மாதிரி இருக்கிறதே" என்கிறார் குமாஸ்தா. அரைமணி நேரம் வாக்குவாதம். மாதக் கடைசியில் இதே வாக்குவாதம் முப்பது பேருடன் நடக்கிறது. லாப நஷ்டம் முதல் ஜி.எஸ்.டி. வரையில் மற்றெல்லாக் கணக்கும் இந்த ஒரு நோட்டின்மீதுதான் நிற்கிறது. அஸ்திவாரமே ஆடும்போது மேல்மாடிக்கு வர்ணம் பூசி என்ன பயன்? எது முதலில் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. யாருடைய வாயிலிருந்தும் அது வேண்டுகோளாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேண்டுகோள்களைக் கேட்பதற்கு ஒரு செவி வேண்டும். தேவையைக் காண்பதற்கு வேறொரு கண் வேண்டும்.

இனிமேல் அவர் ஒரு சிறிய சீட்டில் எழுதுவார். யாருக்கு, என்ன, எதற்காக என்ற மூன்றும் அதில் இருக்கும். "நூல் கொடுக்கும் குமாஸ்தாவுக்கு, எடையையும் தேதியையும் பதிவு செய்ய வசதி வேண்டும், மாதக் கடைசியில் சண்டை வராமல் இருப்பதற்காக." இந்த மூன்றாவது பகுதியை எழுத முடியாவிட்டால் அந்த வேலை பட்டியலில் இருக்கத் தகுதியற்றது என்று கொள்ளலாம். அதன் கீழே, இந்த வேலை எப்போது முடிந்ததாகக் கருதப்படும் என்பதற்கு இலக்கணம் எழுதுவார். எழுத்துக்கள் தமிழில் இருக்க வேண்டும். பாதியில் மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியக் கூடாது. தறிக்காரர் கையில் ஒரு ரசீது போக வேண்டும். அவ்வளவுதான். அடுத்த தவணைக்கு உரிய சீட்டுக்கள் இவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு அப்பாலுள்ள வேலைகள் பெயரளவில் இருந்தால் போதும்; அவற்றை இப்போதே விவரமாக எழுதுவது, பிறக்காத பிள்ளைக்குச் சட்டை தைப்பதற்குச் சமானம்.

பிறகு, தவணையின் முதல் நாளன்று எல்லாரும் கூடுகிறார்கள். ஒரு மாதத் தவணைக்கும் இந்தக் கூட்டம் எட்டு மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்று விதி. இந்தத் தவணையினால் யாருக்கு என்ன நன்மை, அதற்காக எந்தெந்தச் சீட்டை எடுத்துக்கொள்வது, அவற்றை எப்படிச் செய்வது என்ற மூன்று கேள்விகளையும் வரிசையாக விவாதிக்கிறார்கள். இங்கே அதிகாரம் அழகாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. எது முதலில் என்று சொல்லுபவர் பிராடக்ட் ஓனர். அதில் என்ஜினீயர்கள் தலையிட முடியாது. எவ்வளவு செய்ய முடியும் என்று சொல்லுபவர்கள் என்ஜினீயர்கள். அதில் ஓனர் தலையிட முடியாது. சமையல்காரரிடம் என்ன பதார்த்தம் வேண்டும் என்று சொல்லலாம். அரிசி எத்தனை நிமிஷத்தில் வேக வேண்டும் என்று உத்தரவு போட முடியுமா?

இரண்டு வாரம் கழித்துக் குமாஸ்தாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். "எல்லாம் சரி, ஆனால் தறிக்காரர் துணியை ஒரே தடவையில் கொண்டுவருவதில்லையே, மூன்று நாலு தடவையாக அல்லவா கொண்டுவருகிறார்?" என்கிறார் அவர். ஆறு மாத வேலை அந்த ஒரு வாக்கியத்தினால் வீணாகியிருக்கும். இப்போது இரண்டு வார வேலையில் ஒரு மூலை மட்டும் திருத்தம் பெறுகிறது. பட்டியல் மறுபடியும் வரிசை மாறுகிறது. இந்த உத்தியோகத்தின் தினசரி வாழ்க்கை இதுதான்.

இப்பொழுது நாம் ஆண்டாளின் சந்நிதிக்கு வருகிறோம். பிராட்டியைக் கணினி உத்தியோகத்துக்கு இழுக்கிறோம் என்று வைஷ்ணவப் பெரியோர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மார்கழி மாதத்தில் இரண்டு ஊர்களிலும் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடமாக இருக்கும் திருப்பாவையின் முப்பது பாட்டுக்களின் அடைவை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்லுகிறோம். முதற் பாட்டு, யார் யார் வரலாம், எந்த நாளில், எதைப் பெறுவதற்காக என்று அறிவித்துவிடுகிறது. இரண்டாம் பாட்டு செய்ய வேண்டியவற்றையும் விலக்க வேண்டியவற்றையும் சொல்லுகிறது. நெய்யும் பாலும், மையும் மலரும் ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கப்பட்ட நெய்யும் பாலும் கெட்டவை அல்ல. 27-ஆம் பாட்டில் பாற்சோறும் நெய்யுமாக அவையே திரும்பி வருகின்றன. அவற்றுக்கு வேளை இன்னும் வரவில்லை, அவ்வளவே. மூன்றாம் பாட்டு, இந்த நோன்பினால் நாட்டுக்கு விளையும் நன்மையைக் கூறுகிறது. ஆறு முதல் பதினைந்து வரையில் பத்துப் பாட்டுக்கள் உறங்கும் தோழியரை ஒவ்வொருத்தியாக எழுப்புவதற்கே செலவாகின்றன. ஒருத்தியும் விட்டுப்போகக் கூடாது என்ற கவலை அது. நோன்புக்கு வேண்டிய சங்கு, பறை, விளக்கு, கொடி, விதானம் என்ற சாமான் பட்டியல் 26-ஆம் பாட்டில்தான் வருகிறது.

நம்மவர்களோ முதல் நாளே சாமான் பட்டியலில் ஆரம்பிக்கிறோம்! எதற்காக என்பதும், எதை விடுவது என்பதும், யார் யார் கூட வருகிறார்கள் என்பதும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். இன்னும் ஒன்று. 29-ஆம் பாட்டில், இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்த பறை உண்மையில் தாங்கள் நாடியதல்ல என்றும், என்றென்றும் தொண்டு செய்யும் உறவே வேண்டும் என்றும் அப்பெண்கள் விண்ணப்பம் செய்துகொள்கிறார்கள். வாயால் கேட்ட பொருளுக்குப் பின்னால் மனத்தில் நாடிய பொருள் ஒன்று உண்டு. அதைக் கண்டறிவதில் பக்திக்கும் உத்தியோகத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கலாம். இருந்தாலும் முறை ஒன்றேதான்.

நம் தேசத்தில் எல்லாக் குடும்பங்களும் அறிந்த ஓர் அநுபவத்தையும் இங்கே சொல்லலாம். இன்று சென்னையில் இருக்கும் பிள்ளை, படுக்கையில் இருந்தபடியே பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்துக்கு டிக்கெட் வாங்கிவிடுகிறான். ஆனால் 2002-ஆம் ஆண்டில் ரயில்வே இணைய டிக்கெட்டை ஆரம்பித்தபோது, இணையத்தில் பணம் கட்டினால் அச்சடித்த டிக்கெட் கூரியர் மூலமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பிரயாணிகளே அச்செடுத்துக்கொள்ளும் ஈ-டிக்கெட் 2005-இல்தான் வந்தது. காகிதமே இல்லாமல் கைப்பேசியைக் காட்டினால் போதும் என்பது அதற்கும் பிந்தியது. எல்லாம் பூரணமான பிறகே ஆரம்பிப்போம் என்று இருந்திருந்தால், மூன்று வருஷ காலம் ஜனங்கள் விடியற்காலையில் எழுந்து வரிசையில் நின்றிருப்பார்கள். கூரியர் டிக்கெட் அரைகுறையான ஏற்பாடுதான். ஆனால் வரிசையில் நிற்பது என்ற முதல் கஷ்டத்தை அது தீர்த்தது. சிறியதாக இருந்தாலும் முழுமையாக உபயோகப்படுவதை முதலில் கொடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அந்த ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குகிறவர்கள் பால்கோவா வாங்காமல் போவதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. பாலும் சர்க்கரையும் விறகடுப்பும் கைவலியும் தவிர அதில் வேறு ரகசியம் இல்லை. அதைக் கிண்டுகிறவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். ஊர்ப் பாலையெல்லாம் ஓர் அண்டாவில் ஊற்றி ஒரே தடவையில் காய்ச்சுவதில்லை. ஓர் அகன்ற சட்டி, அதற்கு ஓர் அளவு. ஒரு சட்டி தீய்ந்தால் ஒரு சட்டிதான் நஷ்டம். எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதில் அடுப்படியில் நிற்கும் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம். 'முடிந்தது' என்பதற்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் இருக்கும் அடுப்படியில் பால் கோவாவாகாது; அடி பிடித்துப் போகும்.

அடி பிடிப்பது என்றோமே, இந்த உத்தியோகத்தில் அது மனிதர்களுக்கு நேருகிறது. இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம். பிராடக்ட் ஓனர் என்று பெயர் கொடுத்துவிட்டு, வரிசைப்படுத்தும் அதிகாரத்தைக் கொடுக்காத கம்பெனிகள் உண்டு. மேலே இருப்பவர் ஒருவர், "இதுவும் அவசரம்" என்கிறார்; இன்னொருவர், "அதுவும் அவசரம்" என்கிறார். 'இப்போது இல்லை' என்று சொல்லத் துணிவில்லாத ஓனர் இரண்டுக்கும் தலையாட்டுகிறார். எல்லாம் முதல் நம்பர் என்றால் முதல் நம்பர் என்பதே கிடையாது. அந்தத் தலையாட்டலுக்கு விலை கொடுப்பவர்கள் ஐந்தாறு இளைஞர்களும் யுவதிகளும்தான். அவர்களுடைய இரவுத் தூக்கம் அதில் போகிறது. பதினொரு மணிக்கு மேல் மாடியறையில் விளக்கெரிவதைப் பார்த்து, "கண் என்னத்துக்கு ஆகும்?" என்று தாயார் கவலைப்படுகிறார்களே, அந்த விளக்கில் பாதி, யாரோ ஒருவர் பகலில் சொல்லத் தவறிய 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்காக எரிகிறது.

'இல்லை' என்று சொல்லுவது கடுமை என்று நம் வீடுகளில் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது நல்ல பழக்கமே. ஆனால் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் மறுக்கக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதை மரியாதையாகச் செய்ய வழி உண்டு. சத்திரப்பட்டி முதலாளியிடம் நம்முடைய பிராடக்ட் ஓனர் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். "ஐயா, தங்களுக்கு வர்ணப் படம் அவசியம் செய்து தருகிறோம். நூல் கணக்குச் சரியாக இல்லாமல் அந்தப் படத்தைப் போட்டால், அது தினமும் தங்களிடம் அழகாகப் பொய் சொல்லும். நூல் கணக்கை முதலில் முடிக்கலாமா?" என்று அவள் கேட்கிறாள். "அப்படியே செய், அம்மா" என்பதைத் தவிர முதலாளி என்ன சொல்ல முடியும்? காரணத்தோடு சொல்லப்படும் 'இப்போது இல்லை' என்பது மறுப்பாகவே தோன்றாது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் குமாஸ்தாவின் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார வேண்டியிருந்தது. முன்னேற்பாடு என்று இந்த உத்தியோகத்தில் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவே.

இதில் தேசத்துக்கு என்ன என்று கேட்கும் நேயர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வெகு காலமாக நம் இளைஞர்கள் கடலுக்கு அப்பால் யாரோ போட்டுக் கொடுத்த பட்டியலை இரவில் உட்கார்ந்து செய்து முடிக்கும் கைகளாக இருந்தார்கள். சம்பளம் வந்தது, சந்தோஷமே. ஆனால் எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது என்று தீர்மானிக்கும் நாற்காலி வேறிடத்தில் இருந்தது. அந்நிய மில் துணியை வேண்டாமென்று சொன்ன தலைமுறைக்கு, நூற்பவன் ஒருவன், எதை நூற்பது என்று தீர்மானிப்பவன் வேறொருவன் என்ற நிலைமையின் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தது. இன்று நம் ஊர்ப் பெண் ஒருத்திக்குப் பிராடக்ட் ஓனர் என்ற பெயர் உண்மையான அதிகாரத்தோடு கிடைக்கிறதென்றால், அந்த நாற்காலி கொஞ்சம் நம் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நகர முடியும் என்பதற்கு அத்தாட்சி நம் கண்முன்னேயே இருக்கிறது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லை நிறுவினார். சிமெண்டுக் கம்பெனி 1957-இல்தான் ஏற்பட்டது. அதே குடும்பத்தார் நடத்தும் ராம்கோ சிஸ்டம்ஸ் என்னும் கணினி நிறுவனம் 1997-இல் கம்பெனியாகப் பதிவாயிற்று. நூல், சிமெண்டு, நிரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அறுபது வருஷம் சென்றிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்கவில்லை. தென்காசிப் பக்கத்தில் மத்தளம்பாறைக் கிராமத்தில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் நடந்து வருகிறது. பட்டணத்துக்குப் போனால்தான் தீர்மானிக்கும் நாற்காலி கிடைக்கும் என்பது இனிமேல் கட்டாயமில்லை.

ஆகவே பெற்றோர்களுக்கு நமது விண்ணப்பம் இது. வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ, "இன்று ஸ்பிரிண்ட் திட்டக் கூட்டம்" என்று சொன்னால், அன்றைக்குக் குக்கரை அதிகமாகக் கூவ விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட உட்காரும்போது, "சம்பளம் எப்போது உயரும்?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்தத் தவணையில் யாருடைய கஷ்டத்தை முதலில் தீர்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பிராடக்ட் ஓனர் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லுவார். பதில் சொல்லத் திணறினால், அந்தக் கேள்வியே அவருக்கு அன்றைய தினம் வீட்டார் செய்த பெரிய உதவியாக இருக்கும். சத்திரப்பட்டியில் நூல் நோட்டை வைத்துக்கொண்டு சண்டை போடும் குமாஸ்தாவைப்போல, தமிழ் நாட்டின் சிற்றூர்களில் எத்தனையோ பேர் தங்கள் கஷ்டத்தை யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் யாருடைய பட்டியலிலாவது முதலில் வருவதற்கு, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரை எதிர்பார்க்க முடியும்?